நீர்மூழ்கித் தலைவர் மார்ட்டனும் அவர் கணக்கும்

கணித சாஸ்திரம் கற்பதனால் யாது பயன் என்று வினவும் மாணாக்கர் எல்லாக் கல்லூரிகளிலும் எக்காலத்தும் உளர். பரீட்சை முடிந்த மறுநாளே சைன் முதலிய கோண அளவைகளை மறந்துவிடலாம் என்று எண்ணுவோரும் பலர். அத்தகையோர், கடலின் அடியில் ஏறக்குறைய எண்பது பேருடைய உயிர் ஒருவர் மனத்திற் போட்ட கணக்கையே பற்றி நின்ற வரலாறொன்றை அறிதல் நன்று. அவ்வரலாற்றுக்கு உரியவர், இரண்டாம் உலக மகாயுத்தத்தில் அமெரிக்க நீர்மூழ்கிப் படையின் தலைசிறந்த தளபதிகளுள் ஒருவராக விளங்கிய டட்லி வாக்கர் மார்ட்டன். அவருடைய திறமையை மட்டும் எடுத்துரைத்து நிறுத்தினால் வரலாறு பாதியளவே கூறப்பட்டதாகும். அவர் கணக்கிற் சேராது விடுபட்டுப் போன ஒன்றையும் கூறவேண்டும். அது நம் நாட்டாரைப் பற்றியது.

மார்ட்டன் 1907-ம் வருஷம் ஜூலை மாதம் 17-ந் தேதி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கெண்டக்கி ராஜ்யத்தைச் சேர்ந்த ஓவன்ஸ்பரோ என்னும் ஊரிற் பிறந்தார். அனாபொலிஸ் நகரத்திலுள்ள கடற்படைக் கலாசாலையிற் பயின்று 1930-ம் வருஷத்தில் தேறி வெளிவந்தார். அகன்ற தோள்களும் உரத்த சிரிப்பும் உடையவர், விளையாட்டில் விருப்பமுள்ளவர், ஓயாது கதை சொல்பவர். அக்காலத்துச் சித்திரக் கதையொன்றில் வந்த பாத்திரத்தின் பெயரைச் சுருக்கி, கலாசாலைத் தோழர்கள் அவருக்கு இட்ட மஷ் என்னும் செல்லப்பெயர் இறுதிவரை நிலைத்துவிட்டது. ஆர்-5 என்னும் பழைய நீர்மூழ்கிக்குத் தலைவராயிருந்து பழகிய பின்னர், 1942-ம் வருஷத்தின் இறுதியில் வாஹூ என்னும் புதிய கலத்தில், அதன் தலைவரோடு உடன்சென்று யுத்த முறைகளைக் கற்றுவர அனுப்பப்பட்டார். அந்த ரோந்து முடிந்ததும், டிசம்பர் மாதம் 31-ந் தேதி, ஆஸ்திரேலியாவிலுள்ள பிரிஸ்பேன் துறையில் வாஹூவின் தலைமை அவரிடமே ஒப்புவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

அவர் ஏற்ற தொழில் எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். ஓடும் மாட்டுவண்டியில் தாவி ஏற நினைப்பவன், வண்டி இப்போது நிற்கும் இடத்தை நோக்கி ஓடுவதில்லை; அது வந்து சேரப்போகும் இடத்தை நோக்கியே ஓடுகிறான். டார்பிடோ என்னும் வெடியாயுதத்தைச் செலுத்துபவனும் அவ்வாறே செய்யவேண்டும். ஆனால் வண்டியைப் பிடிப்பவனுக்குக் கண் முழுதும் திறந்திருக்கிறது. நீருக்கடியில் இருப்பவனுக்கோ பெரிஸ்கோப் என்னும் ஒரு குழாயின் வழியே, அதுவும் சில விநாடிகளே, பார்வை கிடைக்கிறது. அதிக நேரம் அதனை நீட்டிவைத்தால் பகைவர் கண்டுகொள்வர். அந்தச் சில விநாடிகளில் அவன் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பகைக்கப்பல் இருக்கும் திசை ஒன்று. அதன் தூரம் ஒன்று. அதன் முகப்பு நம் பார்வைக் கோட்டினின்று எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பது மற்றொன்று. இம்மூன்றாவதை முகப்புக் கோணம் என்று ஈண்டு வழங்குவோம். கப்பல் நேரே நம்மை நோக்கி வந்தால் முகப்புக் கோணம் சூனியம். பக்கவாட்டில் முழுவதும் தோன்றினால் 90 பாகை.

திசையைக் கருவி காட்டும். தூரத்தைப் பாய்மரத்தின் உயரத்தைக் கொண்டு கணிப்பர். உயரத்தைத் தவறாக மதித்தால் தூரமும் அதே விகிதத்தில் தவறும். முகப்புக் கோணத்தைக் கண்ணே மதிக்கவேண்டும். அதற்குப் பழக்கமன்றி வேறு துணை இல்லை. இனி வேகம். கடலில் மணிக்கு ஒரு கடல் மைல் செல்லும் வேகத்தை ஒரு நாட் என்பர். ஒரு கடல் மைல் ஏறக்குறைய 2,000 கஜம். மூன்று நிமிஷம் என்பது ஒரு மணியில் இருபதில் ஒரு பங்கு. 2,000-ஐ இருபதால் வகுத்தால் 100 வரும். ஆகவே ஒரு கப்பல் மூன்று நிமிஷத்தில் எத்தனை நூறு கஜம் சென்றதோ, அத்தனை நாட் அதன் வேகமாகும். மூன்று நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை நோக்கி, இரண்டு நிலைகளையும் காகிதத்திற் குறித்து, நடுவிலுள்ள தூரத்தை அளந்தால் 1,500 கஜம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 15 நாட். பேனாவும் வேண்டாம், வாய்ப்பாடும் வேண்டாம்.

அடுத்து, எவ்வளவு முன்னால் குறிவைப்பது? பகைக்கப்பலின் வேகத்தை முகப்புக் கோணத்தின் சைனால் பெருக்கி, டார்பிடோவின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது முன்னோக்குக் கோணத்தின் சைன். அந்நாளைய அமெரிக்க டார்பிடோ 46 நாட் வேகத்திற் செல்லும். 15 நாட் வேகத்தில் கப்பலொன்று பக்கவாட்டிற் கடக்குமாயின், 15-ஐ 46-ஆல் வகுக்க ஏறக்குறைய மூன்றில் ஒன்று. சிறிய கோணங்களுக்குச் சைனை அறுபதால் பெருக்கினால் பாகை கிடைக்கும் என்பது மாலுமிகளுக்குப் பழக்கமான குறுக்குவழி. அதன்படி விடை 20 பாகை. நுணுகிக் கணித்தால் 19 பாகை. பிழை ஒரு பாகையே. முகப்புக் கோணம் 30 பாகையாயின் சைன் சரிபாதி. 45-க்குப் பத்தில் ஏழு. 60-க்கு ஏறக்குறைய பத்தில் ஒன்பது. இம்மூன்றையும் நினைவில் வைத்தவன் மற்றவற்றை இடையில் நிரப்பிக்கொள்வான்.

இக்கணக்குகளை விரைவிற் செய்வதற்குக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும் வட்டமான கணக்குத் தட்டுக்கள் முன்னமே வழக்கில் இருந்தன. வாஹூவிலோ இவற்றினும் மேலான பெரிய யந்திரமொன்று இருந்தது. பகைவனுடைய வேகம், தூரம், கோணம் ஆகியவற்றை அதற்குக் கொடுத்துவிட்டால், பற்சக்கரங்கள் சுழன்று, அக்கப்பல் ஒவ்வொரு கணமும் எங்கே இருக்கவேண்டும் என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆயினும் யந்திரம் கொடுத்ததையே திருப்பிக் கொடுக்கும். வேகம் தவறென்றால் அது தவற்றையே திருத்தமாகக் கணித்துத் தரும். மறுபடி பெரிஸ்கோப்பை உயர்த்திப் பார்க்கும்போது, யந்திரம் சொன்ன திசையிற் கப்பல் இல்லாவிட்டால், எந்த மதிப்பு பிழைத்தது, எவ்வளவு பிழைத்தது என்பதைத் தலைவனே தன் மனத்திற் கணித்துச் சொல்லவேண்டும். வாஹூவில் மனக்கணக்குக்கு இருந்த இடம் இதுதான்.

இந்த இடத்திலேதான் மார்ட்டன் பழைய வழக்கத்தை மாற்றினார். எல்லாக் கலங்களிலும் தலைவரே பெரிஸ்கோப்பில் நிற்பார். அது தலைவருக்குரிய பெருமை. மார்ட்டன் அதனைத் தம் அடுத்த அதிகாரியாகிய ரிச்சர்ட் ஓகேனிடம் ஒப்படைத்தார். பார்ப்பவன் பார்த்ததிலேயே மூழ்கிவிடுவான். எதிரே ஒரு நாசகாரிக் கப்பல் நுரை பொங்க வருவதைக் கண்ணாற் காண்பவனுக்கு அடுத்த செயலை அமைதியாக ஆராய்வது அரிது. ஆகவே ஓகேன் பார்த்து எண்களைக் கூறுவார். மார்ட்டன் வரைபடத்தையும் யந்திரத்தையும் நோக்கிக்கொண்டு, கடலின்மேல் நிகழ்வதை மனத்தில் எழுதிப் பார்த்து, என்ன செய்வதென்று தீர்மானிப்பார். தம் கண்ணையே பிறரிடம் கொடுத்துவிட ஒரு தலைவருக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

புதிய முறைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1943-ம் வருஷம் ஜனவரி மாதம் 16-ந் தேதி வாஹூ புறப்பட்டது. வழியில் நியூகினித் தீவின் வடகரையிலுள்ள வேவாக் என்னும் ஜப்பானியத் துறையை வேவுபார்த்துச் செல்லும்படி கட்டளை. அத்துறைக்குத் தக்க கடற்படம் கப்பலில் இல்லை. மாலுமி ஒருவர் ஆஸ்திரேலியாவில் வாங்கிவைத்திருந்த பள்ளிக்கூடத் தேசப்படப் புத்தகத்தில் அக்கரை ஒரு சிறு வளைவாகக் காணப்பட்டது. அதனைப் புகைப்படக் கருவியின் கண்ணாடியும் சமிக்ஞை விளக்கும் கொண்டு பெருக்கி வரைந்து, தமக்கு வேண்டிய படத்தை அவர்களே ஆக்கிக்கொண்டனர். வேவுபார்ப்பது என்றால் வெளியே நின்று எட்டிப்பார்ப்பதன்று, உள்ளே புகுந்து பார்ப்பதே என்று மார்ட்டன் பொருள் கொண்டார். 24-ந் தேதி வாஹூ நீருக்குள் மூழ்கியபடியே துறைக்குள் நுழைந்தது.

அங்கே ஹாருசாமே என்னும் ஜப்பானிய நாசகாரிக் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. வாஹூ நெருங்குவதற்குள் அது நங்கூரம் தூக்கி நகரத் தொடங்கிவிட்டது. நின்ற கப்பலுக்குப் போட்ட கணக்கு ஓடும் கப்பலுக்குப் பயன்படாது. யாவும் புதிதாகக் கணிக்கவேண்டியதாயிற்று. மூன்று டார்பிடோக்களைச் செலுத்தினர். மூன்றும் கப்பலின் பின்புறமாகக் கழிந்தன. அதன் வேகத்தைக் குறைவாக மதித்திருந்தனர். இப்பிழை எவ்வளவு எளிதில் நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். வேகத்தில் 5 நாட் தவறினால், முன்சொன்ன விதிப்படி மூன்று நிமிஷத்தில் 500 கஜம், ஒரு நிமிஷத்தில் ஏறக்குறைய 167 கஜம் பிசகும். அத்தகைய நாசகாரியின் முழு நீளமோ 120 கஜத்துக்கும் குறைவு. ஒரு நிமிஷம் ஓடிச்செல்லும் டார்பிடோ அதனைத் தொடாமலே போய்விடும்.

வேகத்தை உயர்த்தி நான்காவது டார்பிடோவைச் செலுத்தினர். ஹாருசாமே திரும்பி அதற்குத் தப்பியது. தப்பியதோடு நில்லாமல், டார்பிடோக்கள் வந்த சுவடு பற்றி, வாஹூவை நோக்கி நேரே பாய்ந்து வரலாயிற்று. துறையிலோ ஆழம் போதாது. ஓடி ஒளிவதற்கு இடமும் இல்லை. பெரிஸ்கோப்பைத் தாழ்த்திவிடுவதே வழக்கம். மார்ட்டன் அதனை உயர்த்தியே வைக்கச் செய்தார். பகைவன் அதனைக் கண்டு நேரே வரட்டும் என்பது அவர் எண்ணம்.

இதில் வீரம் மட்டுமன்று, கணிதமும் உண்டு. பகைக்கப்பல் நேரே நம்மை நோக்கி வரும்போது முகப்புக் கோணம் சூனியம். சூனியத்தின் சைனும் சூனியம். அதனாற் பெருக்கப்பட்ட வேகம் எவ்வளவாயினும் விடை சூனியமே. சற்றுமுன் மூன்று டார்பிடோக்களை வீணாக்கிய அந்த அறியப்படாத வேகம் சமன்பாட்டினின்றே மறைந்துவிடுகிறது. முன்னால் குறிவைக்க வேண்டியதில்லை. நேரே குறிவைத்தாற் போதும். ஆனால் நேரே வரும் நாசகாரி இலக்காகக் காட்டும் அகலம் பத்து மீட்டர் அளவே. மேலும் டார்பிடோ சில நூறு கஜம் ஓடிய பின்னரே வெடிக்கும் நிலையை அடையும். அதற்குள் கப்பல் வந்து சேர்ந்துவிட்டால் பயனில்லை. எனவே மிகத் தொலைவிற் செலுத்தினால் அது விலகிக்கொள்ளும். மிக அருகிற் செலுத்தினால் வெடிக்காது. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த காலம் சில விநாடிகளே.

ஐந்தாவது டார்பிடோ ஏறக்குறைய 1,200 கஜத்திற் செலுத்தப்பட்டது, தவறியது. முன்புறக் குழாய்கள் ஆறு. எஞ்சியது ஒன்றே. ஓகேன் பெரிஸ்கோப்பில் நின்று எண்களைக் கூறிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய 800 கஜத்தில் ஆறாவது சென்றது. கப்பலும் டார்பிடோவும் ஒன்றையொன்று நோக்கி விரைந்ததனால் அவை சந்திக்க அரை நிமிஷமும் ஆகாது. பெருமுழக்கம் கேட்டது. ஹாருசாமே நடுவில் உடைந்து, மூழ்கிப்போகாதபடி கரையில் ஏற்றப்பட்டது. பின்னர் ஜப்பானியர் அதனைப் பழுதுபார்த்துக்கொண்டனர். வாஹூ வந்த வழியே, நீருக்குள் மூழ்கியபடியே, வெளியேறிவிட்டது.

இதுவரையில் எவரும் வியக்கத்தக்க வரலாறே. இனிச் சொல்லப்போவது இரண்டு நாட்களுக்குப் பின்னர் நிகழ்ந்தது.

ஜனவரி மாதம் 26-ந் தேதி வாஹூ ஒரு கப்பற்கூட்டத்தை எதிர்ப்பட்டது. நாள் முழுவதும் நடந்த போரில் பூயோ மாரு என்னும் துருப்புக் கப்பல் மூழ்கிற்று. அதிலிருந்தோர் பலர் படகுகளில் ஏறியும் நீரில் மிதந்தும் உயிர்தப்பினர். மின்கலங்களுக்குச் சக்தி ஏற்றுவதற்காக நீரின்மேல் எழுந்த வாஹூ அப்படகுகளின் இடையே வந்தது. மார்ட்டன் பீரங்கிகளாலும் யந்திரத் துப்பாக்கிகளாலும் சுடும்படி கட்டளையிட்டார். படகுகளிலிருந்து முதலிற் சுட்டனர் என்றும், படகுகளை அழிப்பதே நோக்கமென்றும் ஒரு சாரார் கூறுவர். தத்தளித்த மனிதரே சுடப்பட்டனர் என்று மற்றொரு சாரார் கூறுவர். அவர்கள் கரைசேர்ந்தால் நியூகினியில் நேசநாட்டுப் படைகளோடு மறுபடி போரிடுவர் என்பது மார்ட்டன் கொண்ட காரணம். பல ஆயிரம் ஜப்பானியப் போர்வீரர் அக்கப்பலில் இருந்ததாக அவர் மதித்தார்.

யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து ஜப்பானியக் குறிப்புகளைக் கொண்டு உண்மை தெரியவந்தது. பூயோ மாருவில் இருந்தோர் 1,126 பேரே. அவர்களுள் 491 பேர் ஜப்பானியர் அல்லர். சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட இந்திய யுத்தக் கைதிகள். பதினாறாம் பஞ்சாப் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தைச் சேர்ந்தவர்கள். அதாவது, மார்ட்டன் எந்தப் பக்கத்துக்காகப் போரிட்டாரோ அதே பக்கத்துக்காகப் போரிட்டுச் சிறைப்பட்டவர்கள். அன்று இறந்த இந்தியர் 195 பேர். ஜப்பானியர் 87 பேர். டார்பிடோவால் இறந்தவரும் துப்பாக்கியால் இறந்தவரும் இவ்வெண்ணில் ஒருங்கே அடங்குவர்.

பெரிஸ்கோப் கப்பலின் திசையைக் காட்டிற்று, தூரத்தைக் காட்டிற்று, அதன் உள்ளே பூட்டப்பட்டிருந்தோர் யாவர் என்பதைக் காட்டவில்லை. அதற்காக மார்ட்டனைக் குறைகூற இயலாது. டார்பிடோவைச் செலுத்திய கணத்தில் அதனை அறியும் வழி எவருக்கும் இருந்ததில்லை. ஆயினும் படகுகளின் நடுவே எழுந்து நின்றபோது நிலைமை வேறு. அப்போது இடையில் நின்றது கடலும் குழாயும் அல்ல, மனித முகங்களே. வேவாக்கில் ஒரு கப்பலின் வேகத்தைத் தாம் தவறாக மதித்ததை உடனே உணர்ந்து திருத்திக்கொண்ட அறிவு, இங்கே தம் மதிப்பு பிழைத்திருக்கக்கூடும் என்று ஒரு கணமும் ஐயுறவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பல ஆயிரமாக எண்ணியது எண்ணிக்கைப் பிழை. எண்ணப்பட்ட அனைவரையும் ஒரே இனமாகக் கொண்டது அதனினும் பெரிய பிழை.

பிப்ரவரி மாதம் 7-ந் தேதி, எல்லா டார்பிடோக்களையும் செலவிட்டுவிட்டு, கடலைப் பெருக்கித் துடைத்துவிட்டோம் என்பதற்கு அடையாளமாகத் துடைப்பம் ஒன்றைப் பெரிஸ்கோப்பிற் கட்டிக்கொண்டு, வாஹூ முத்துத்துறைமுகம் திரும்பிற்று. ஊரெங்கும் கொண்டாட்டம். மார்ட்டனுக்கு உயர்ந்த பதக்கங்கள் அளிக்கப்பட்டன. படகுகளைச் சுட்ட செய்தியை அவர் தம் அறிக்கையில் மறைக்கவில்லை. மேலதிகாரிகளும் அதுபற்றி அவரைக் கண்டிக்கவில்லை. பின்வந்த ஆசிரியர்களோ அதனை இன்றளவும் விவாதித்து வருகின்றனர்.

அடுத்த ரோந்தில் மஞ்சள் கடலிற் புகுந்து பல கப்பல்களை மூழ்கடித்தார். 1943-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஜப்பான் கடலுக்குச் சென்றபோது நிலைமை மாறிற்று. கணக்கு சரியாயிருந்தும் டார்பிடோக்கள் பழுதாயிருந்தன, ஒன்றும் பயன்படவில்லை. மனம் வெதும்பித் திரும்பிய மார்ட்டன், வேறு டார்பிடோக்களைப் பெற்றுக்கொண்டு செப்டம்பரில் அதே கடலுக்கு மீண்டும் சென்றார். இவ்விரண்டு ரோந்துகளிலும் ஓகேன் உடன் இல்லை. டாங் என்னும் புதிய கலத்தின் தலைமைக்கு அவர் அழைக்கப்பட்டிருந்தார். வாஹூ நான்கு கப்பல்களை மூழ்கடித்தது. அவற்றுள் ஒன்றாகிய கொன்ரான் மாரு என்னும் பயணக் கப்பலில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அக்டோபர் மாதம் 11-ந் தேதி, லா பெரூஸ் ஜலசந்தியின் வழியே வெளியேற முயன்றபோது, ஜப்பானிய விமானங்களும் கப்பல்களும் வாஹூவைத் தாக்கி மூழ்கடித்தன. தப்பியவர் ஒருவரும் இலர். மார்ட்டனுக்கு வயது முப்பத்தாறு. யுத்தத்துக்குப் பின் சரிபார்த்த கணக்கின்படி அவர் மூழ்கடித்த கப்பல்கள் 19. அவர் பெயரால் அமெரிக்கக் கடற்படை ஒரு நாசகாரிக் கப்பலை 1959-ம் வருஷத்தில் பணியில் அமர்த்திற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேல் மறைந்து கிடந்த வாஹூவின் உடல் அந்த ஜலசந்தியின் அடியிலேயே கண்டறியப்பட்டு, 2006-ம் வருஷத்தில் உறுதிசெய்யப்பட்டது.

ஓகேன் தம் தலைவரிடம் கற்ற வித்தையை டாங்கில் வளர்த்து, அமெரிக்க நீர்மூழ்கித் தலைவர்களுள் முதன்மை எய்தினார். அவர் செய்தவற்றுள் ஒன்றை இங்கே நினைவுகூர்தல் தகும். 1944-ம் வருஷம் ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும், ட்ரக் தீவுகளின் அருகே கடலில் வீழ்ந்த அமெரிக்க விமானிகள் 22 பேரை அவருடைய கலம் தேடி எடுத்துக் காத்தது. அலையில் மிதந்து ஒதுங்கும் சிறு படகு எந்நேரத்தில் எவ்விடத்தில் இருக்கும் என்று தேடுவதற்கும், ஓடும் கப்பல் எவ்விடத்தில் இருக்கும் என்று தேடுவதற்கும் வேண்டிய அறிவு ஒன்றே. திசையும் தூரமும் காலமுமே இரண்டுக்கும் முதல்.

மாணவ நண்பர்களே, மூன்று நிமிஷ விதியையும் அறுபது விதியையும் மறவாதிருங்கள். அவை எளியவை, அழகியவை. விடை வந்த பின்னர் நாம் அறியாது விட்டது எது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளும் வழக்கத்தையும் அவற்றோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். வேவாக் துறையில் அந்தக் கேள்வியே மார்ட்டனைக் காத்தது. இரண்டு நாட்களுக்குப் பின் அது கேட்கப்படவில்லை. பூயோ மாருவிலிருந்து ஊர் திரும்பாத 195 இந்தியருடைய வீடுகளில் அதன் விலை செலுத்தப்பட்டது.